திருவண்ணாமலை கழிவுநீருக்கு யார் காசு கொடுப்பது? மத்திய நிதி முதல் வீட்டு வரி வரை ஒரு முழு கணக்கு

திருவண்ணாமலை என்றாலே செய்திகளில் இரண்டு விஷயங்கள்தான் வரும். ஒன்று கார்த்திகை தீபம், இன்னொன்று பௌர்ணமி கிரிவலம். சிறப்பு ரயில் எத்தனை, சிறப்புப் பேருந்து எத்தனை, பாதுகாப்புக்கு எத்தனை போலீஸ் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு சொல்வார்கள். வந்துபோகிற அத்தனை பேரும் குளித்து, கழுவி, கழிவறைக்குப் போய்விட்டு விட்டுச் செல்லும் தண்ணீர் எங்கே போகிறது என்ற கணக்கு மட்டும் அவ்வளவாக வெளியே வராது.

2024 ஆகஸ்ட்டில் புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடியுடன் சேர்த்து திருவண்ணாமலையும் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. போர்டு மாறிவிட்டது. ஆனால் மாநகராட்சி என்றால் மக்கள் முதலில் எதிர்பார்ப்பது குடிநீர், ரோடு, சாக்கடை. இதில் குடிநீரும் ரோடும் கண்ணுக்குத் தெரியும். சாக்கடை பூமிக்கு அடியில் போகும். அதனால் தேர்தல் மேடையில் அதற்குக் கைதட்டல் குறைவு. செலவு மட்டும் அதிகம்.

மத்திய அரசு 'அம்ருத்' என்கிறது. மாநில அரசு வேறொரு திட்டத்தின் பெயரைச் சொல்கிறது. நடுவில் நிதிக்குழு மானியம், 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் என்று பல பெயர்கள். இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வருகிறது, எதற்குத்தான் வருகிறது, எதற்கு வராது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எவ்வளவு கழிவுநீர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய திருவண்ணாமலை நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 1.45 லட்சம். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியாவில் பொறியாளர்கள் எடுத்துக்கொள்ளும் அளவு. அதில் 80% கழிவுநீராகத் திரும்பி வரும் என்பது பொதுவான கணக்கு.

அப்படிப் பெருக்கினால் ஒரு நாளைக்கு சுமார் 1.57 கோடி லிட்டர். துறை மொழியில் 15.7 எம்எல்டி. அதாவது 'ஒரு நாளைக்கு இத்தனை மில்லியன் லிட்டர்'. ஒரு மில்லியன் என்பது 10 லட்சம்.

இது 2011-ம் ஆண்டின் மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு, அதுவும் பழைய எல்லைக்குள் இருந்தவர்களுக்கு மட்டும். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதன் எண்கள் வரும்வரை பெரும்பாலான திட்டங்களின் அடிப்படை அந்தப் பழைய எண்தான். இடையில் ஊர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை பைபாஸ் பக்கமும் வேங்கிக்கால் பக்கமும் போனால் யாரும் சொல்லாமலே தெரியும்.

இனி பௌர்ணமி கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, ஒரே இரவில் 10 லட்சம் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தங்காமல், கழிவறையை மட்டும் பயன்படுத்திவிட்டுப் போகிறார்கள், ஆளுக்கு 15 லிட்டர்தான் செலவாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.5 கோடி லிட்டர். அதில் 80% கழிவுநீர் என்றால் 12 எம்எல்டி. பழைய நகரம் ஒரு முழு நாளில் உருவாக்கும் கழிவுநீரில் முக்கால் பங்கு, ஒரே இரவில் கூடுதலாகச் சேர்கிறது.

எல்லா ஊருக்கும் சாக்கடைத் திட்டம் போடுவது ஒரு கதை, திருவண்ணாமலைக்குப் போடுவது வேறு கதை என்பதற்கு இதுதான் காரணம். உச்ச நாளுக்கு ஏற்ற மாதிரி சுத்திகரிப்பு நிலையம் கட்டினால், மாதத்தில் மீதி நாட்களில் அது காலியாகக் கிடக்கும். சாதாரண நாளுக்கு ஏற்ற மாதிரி கட்டினால், பௌர்ணமி அன்று வழியும். சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று நீரைச் சுத்தமாக்குவது பாக்டீரியாக்கள். வழக்கமான அளவுக்குப் பழகிய அவற்றால் திடீரென்று வரும் இரட்டிப்புச் சுமையைச் சமாளிக்க முடியாது. அதனால்தான் இது மாதிரி ஊர்களுக்கு, வரும் நீரைச் சேர்த்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பெரிய தொட்டிகள், தற்காலிகக் கழிவறைகள், அவற்றைக் காலி செய்யும் லாரிகள் எல்லாம் திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

ஒரே பாதை, இரண்டு நிர்வாகம்

இன்னொரு சிக்கலும் உண்டு. கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். அதில் ஒரு பெரிய பகுதி பழைய நகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிகள் வழியாகப் போகிறது. நடக்கிறவருக்கு எந்த இடத்தில் நகராட்சி முடிந்து ஊராட்சி தொடங்குகிறது என்று தெரியாது. ஆனால் அரசுப் பணத்துக்கு அது நன்றாகவே தெரியும்.

நகராட்சி என்றால் நகராட்சி நிர்வாகத் துறை, அம்ருத் நிதி. ஊராட்சி என்றால் ஊரக வளர்ச்சித் துறை, வேறு திட்டங்கள், வேறு நிதித் தலைப்புகள். நகரத்துக்கு என்று ஒதுக்கிய சாக்கடைப் பணத்தை எல்லைக்கோட்டைத் தாண்டி ஊராட்சிக்குள் செலவழிக்க முடியாது. ஆனால் பக்தர் கூட்டத்தில் பெரும்பகுதி நடப்பதும், இளைப்பாறுவதும், கழிவறை தேடுவதும் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான்.

சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கியதில் சர்ச்சைகள் உண்டு. வரி கூடும், நூறு நாள் வேலை போய்விடும் என்பது கிராம மக்களின் கவலை. அந்தக் கவலை நியாயமானது. ஏனென்றால் அந்த வேலை ஊரகப் பகுதிக்கு மட்டும்தான். அதே நேரம், கழிவுநீர் விஷயத்தில் ஒரே நிர்வாகம் என்பது ஒரு வாய்ப்பும்கூட. வரி உயர்வு முதலில் வந்து சாக்கடை பத்து வருடம் கழித்து வந்தால் மட்டும் அந்த வாய்ப்புக்கு அர்த்தமில்லாமல் போகும்.

காசு எத்தனை பாக்கெட்டிலிருந்து வருகிறது?

ஒரு மாநகராட்சியின் கழிவுநீர்த் திட்டத்துக்குப் பணம் வரும் வழிகள் முக்கியமாக ஐந்து.

1. அம்ருத் 2.0. 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து ஆண்டு என்று திட்டமிடப்பட்டது. இதில் மத்திய அரசின் பங்கு ரூ.76,760 கோடி. குடிநீர் இணைப்பு எல்லா நகரங்களுக்கும் உண்டு. கழிவுநீர்ப் பகுதி 2015-ல் தொடங்கிய முதல் அம்ருத்தில் இருந்த 500 நகரங்களுக்கு. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் திட்டச் செலவில் பாதியை மத்திய அரசு தரும். 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு. 10 லட்சத்துக்கு மேல் என்றால் கால் பங்கு. திருவண்ணாமலை அளவுள்ள ஊர் நடு வரிசையில் வரும்.

2. நிதிக்குழு மானியம். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது ரூ.1,21,055 கோடி. பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு வரும் மானியத்தில் 40 சதவீதத்தை உள்ளாட்சி தன் தேவைக்கு ஏற்ப செலவு செய்யலாம். 30% குடிநீருக்கு, 30% துப்புரவுக்கு என்று கட்டிப்போட்ட பணம்.

3. மாநில அரசின் பங்கு. மத்திய அரசு தந்தது போக மீதியை மாநிலமும் உள்ளாட்சியும் பகிர வேண்டும்.

4. கடன். தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி என்று கடன் தரும் இடங்கள் பல. தமிழ்நாட்டில் பல ஊர்களின் பாதாளச் சாக்கடைக்குப் பின்னால் இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்கும்.

5. நாம். இணைப்புக்கான டெபாசிட், மாதக் கட்டணம், சொத்து வரி. பட்டியலில் கடைசியாக வருகிறது, ஆனால் கடன் கட்டி முடியும்வரையும் அதற்குப் பிறகும் நிற்காமல் வந்துகொண்டே இருக்க வேண்டிய பணம் இது ஒன்றுதான்.

100 கோடி திட்டம் என்றால் கையில் எவ்வளவு?

ஓர் உதாரணம். ஓர் ஊருக்கு ரூ.100 கோடியில் கழிவுநீர்த் திட்டம் அறிவிக்கிறார்கள். மத்திய அரசு மூன்றில் ஒரு பங்கு தருகிறது. அதாவது சுமார் ரூ.33.3 கோடி.

இது மொத்தமாக வராது. அம்ருத் 2.0-ல் மூன்று தவணைகள்: 20%, 40%, 40%. முதல் தவணை ரூ.6.7 கோடி. 100 கோடி என்று தலைப்புச் செய்தி வந்த நேரத்தில், மத்திய அரசிடமிருந்து வந்திருப்பது அவ்வளவுதான். அடுத்த தவணை வேண்டுமென்றால் வந்த பணத்தைச் செலவழித்ததற்கான சான்று வேண்டும், மூன்றாம் தரப்பு ஆய்வு அறிக்கையும் வேண்டும். வேலை தாமதமானால் சான்று தாமதம். சான்று தாமதமானால் பணம் தாமதம். பணம் தாமதமானால் ஒப்பந்ததாரர் வேலையை நிறுத்துவார். தோண்டிய ரோடு அப்படியே கிடக்கும். மழை வரும். மிச்சக் கதை எல்லா ஊர்க்காரர்களுக்கும் தெரியும்.

இதில் யார் மேல் தப்பு என்று கேட்டால் பதில் எளிதல்ல. மேற்பார்வை இல்லாமல் மொத்தப் பணத்தையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

ஊக்க நிதிக்கும் சாக்கடைக்கும் என்ன சம்பந்தம்?

பொருளாதாரம் படுக்கும்போது அரசு செலவை அதிகரித்து அதைத் தூக்கி நிறுத்தப் பார்க்கும். இதைத்தான் ஊக்க நிதி என்கிறோம். கட்டுமான வேலை நடந்தால் சிமென்ட் விற்கும், கம்பி விற்கும், கூலி கிடைக்கும், அந்தக் கூலி கடைத்தெருவில் செலவாகும் என்பது இதன் லாஜிக். இதில் ஒரே நிபந்தனை, பணம் வேகமாகச் செலவாக வேண்டும். இரண்டு வருடம் கழித்துச் செலவானால் நெருக்கடியே முடிந்துபோயிருக்கும்.

2008 உலக நிதி நெருக்கடியின்போது இந்திய அரசு 2008 டிசம்பரிலும் 2009 ஜனவரியிலும் ஊக்கத் தொகுப்புகளை அறிவித்தது. ஜனவரித் தொகுப்பில் நகரங்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் கீழ் பஸ் வாங்க உதவி. 2009 ஜூன் 30 வரைக்கும் என்று கெடுவும் வைத்தார்கள். பஸ் என்றால் ஆர்டர் போட்டால் வந்துவிடும். சாக்கடைக்கு நிலம் வேண்டும், சர்வே வேண்டும், டெண்டர் வேண்டும், ரயில்வே, நெடுஞ்சாலைத் துறை அனுமதி வேண்டும். ஆறு மாதத்தில் ஆகிற வேலை இல்லை.

அதே நெருக்கடிக்கு அமெரிக்கா 2009 பிப்ரவரியில் கொண்டுவந்த மீட்புச் சட்டத்தில் கழிவுநீர்த் திட்டங்களுக்கு மட்டும் 400 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஒரே வருடத்துக்குள் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும் அல்லது வேலை தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அங்கே அது சாத்தியமானதற்கு ஒரு காரணம் உண்டு. கழிவுநீர்த் திட்டங்களுக்குக் கடன் தரும் சுழல் நிதி ஒவ்வொரு மாகாணத்திலும் பல ஆண்டுகளாக இருந்தது. வரைபடத்தோடு வரிசையில் காத்திருந்த ஊர்களும் இருந்தன. பணம் வந்ததும் வரிசை நகர்ந்தது.

கொரோனா காலத்தில் இந்தியா வேறொரு வழியை எடுத்தது. 2020 அக்டோபரில், மாநிலங்களின் மூலதனச் செலவுக்கு 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்டு ஒதுக்கீடு ரூ.12,000 கோடி. அந்த ஆண்டு இந்தக் கடனைத் தமிழ்நாடு தவிர எல்லா மாநிலங்களும் பயன்படுத்திக்கொண்டதாக மத்திய நிதி அமைச்சகம் அப்போது சொன்னது. பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாடும் வாங்கியது. திட்டமும் வருடா வருடம் பெருத்தது. 2022-23 பட்ஜெட்டில் ரூ.1 லட்சம் கோடி, 2024-25-ல் ரூ.1.5 லட்சம் கோடி. நெருக்கடிக்காக வந்த பணம் நிரந்தர ஏற்பாடு மாதிரி ஆகிவிட்டது.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திருவண்ணாமலை மாதிரி ஊருக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. அவசரப் பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது தயாரான திட்ட அறிக்கை, கையில் இருக்கும் நிலம், சர்வே முடிந்த வரைபடம் எந்த ஊரிடம் இருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் போகும். திட்ட அறிக்கை தயாரிக்க ஆகும் செலவு, மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான்.

கட்டியாச்சு. அப்புறம்?

பணம் கிடைத்துக் கட்டிவிட்டால் பிரச்னை தீர்ந்ததா? நாடு முழுக்க என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 எம்எல்டி. அதைச் சுத்திகரிக்க நிறுவியிருக்கும் நிலையங்களின் திறன் 31,841 எம்எல்டி. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,235 எம்எல்டி. அதாவது உருவாவதில் 28 சதவீதம்தான் சுத்தமாகிறது. கட்டிய நிலையங்களின் திறனிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சும்மா கிடக்கிறது.

தமிழ்நாட்டுக்கு அதே அறிக்கை சொன்ன எண்கள்: உருவாவது 6,421 எம்எல்டி, நிறுவிய திறன் 1,492 எம்எல்டி. கால் பங்குகூட இல்லை.

கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டியது ஏன் சும்மா கிடக்கிறது? முக்கியக் காரணம், வீடுகள் இணையவில்லை. தெருவில் பெரிய குழாய் போட அரசுப் பணம் வரும். உங்கள் கழிவறையிலிருந்து தெருக் குழாய் வரைக்கும் போகும் அந்தக் கடைசிச் சில அடி தூரம்தான் சிக்கல். அதற்கு டெபாசிட் கட்ட வேண்டும். வீட்டு முற்றத்தை உடைக்க வேண்டும், பிளம்பருக்குக் காசு கொடுக்க வேண்டும். ஏற்கெனவே செப்டிக் டேங்க் இருக்கிறதே, எதற்கு இந்தச் செலவு என்று வீட்டுக்காரர் நினைப்பார். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளருக்கு இன்னும் அக்கறை இருக்காது.

இணைப்பு குறைந்தால் குழாயில் ஓட்டம் குறையும். குறைந்த ஓட்டத்தில் கசடு நகராமல் தங்கும். தங்கினால் அடைக்கும். அடைத்தால் மேன்ஹோல் வழியும். 'இதுக்குத்தான் பாதாளச் சாக்கடையா?' என்று பக்கத்துத் தெருக்காரரும் இணைய மறுப்பார். இது ஒரு வட்டம்.

மழைக்காலத்தில் இதே வட்டம் வேறு பக்கமிருந்து தொடங்கும். மொட்டை மாடி மழைநீரைச் சாக்கடைக் குழாயில் விடும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் குழாய் மழைநீருக்காகப் போட்டது இல்லை. திருவண்ணாமலையில் ஒரு பக்கம் மலை இருப்பதால் மழைத் தண்ணீர் வேகமாக ஊருக்குள் இறங்கும். மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனியாக இருந்தால்தான் இரண்டுமே வேலை செய்யும்.

ஆலந்தூர் எப்படிச் செய்தது?

இந்த வட்டத்தை உடைத்த ஊர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னையை ஒட்டி, அப்போது தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூர். 1990-களின் இறுதியில் அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. நகராட்சி மக்களிடமே போனது. வீட்டுக்கு ரூ.5,000 டெபாசிட் கேட்டார்கள். அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை. குடியிருப்போர் நலச் சங்கங்களோடு உட்கார்ந்து பேசினார்கள், கணக்கைக் காட்டினார்கள். ஒரு குழாய்கூடப் பதிப்பதற்கு முன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டின. பிறகு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடன் சேர்ந்தது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் முதலீட்டில் கட்டினார்கள். மாதக் கட்டணம் வீடுகளுக்கு ரூ.150 என்று முன்கூட்டியே சொன்னார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, டெபாசிட் கட்டியவர் கண்டிப்பாக இணைப்பு எடுப்பார். பணம் கட்டிவிட்டாரே! இணைப்பு வந்ததும் மாதக் கட்டணம் வரும். கட்டணம் வந்தால் மோட்டார் ஓடும். நம்பிக்கையை முதலில் கட்டியதால், கட்டிய பிறகு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆலந்தூர் மாதிரியை அப்படியே திருவண்ணாமலையில் ஒட்ட முடியாது. அது சென்னைக்குப் பக்கத்தில், மாதச் சம்பளக்காரர்கள் நிறைய இருந்த ஊர். திருவண்ணாமலையில் சிறு வியாபாரிகள், தினக்கூலி, வாடகைக்குக் குடியிருப்போர் அதிகம். கூடவே, கழிவுநீரில் கணிசமான பங்கை உருவாக்கும் பக்தர்கள் வரி கட்டுகிறவர்கள் கிடையாது. அவர்கள் செலவை யார் ஏற்பது? லாட்ஜ், ஹோட்டல், மண்டபம் ஆகியவற்றுக்கு வீட்டைவிட அதிகக் கட்டணம் வைப்பது ஒரு வழி. யாத்திரை ஊர்களுக்கு மாநில அரசு தனியாக நிதி தருவது இன்னொரு வழி. 2011 மக்கள்தொகையை மட்டும் வைத்துப் பங்கு பிரித்தால், வந்துபோகும் லட்சக்கணக்கானோரின் பாரம் ஊர்க்காரர் தலையில்தான் விழும்.

வரி ஏறியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்ந்தது ஞாபகம் இருக்கலாம். சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு, பரப்பளவைப் பொறுத்து 25% முதல் 100% வரை ஏறியது. மாநில அரசு அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று, 15-வது நிதிக்குழுவின் நிபந்தனை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலும் வளர வேண்டும், இல்லாவிட்டால் மானியம் கிடையாது.

ஆக, மத்திய மானியம் இலவசம் இல்லை. அதற்கான சாவி உங்கள் வரி ரசீதில் இருக்கிறது. அப்படியானால் அந்த மானியத்தில் துப்புரவுக்கு என்று ஒதுக்கிய 30% என்ன ஆனது என்று கேட்கும் உரிமையும் வரி கட்டுகிறவருக்கு இருக்கிறது.

பராமரிப்புக்குக் காசு இல்லை என்றால் யார் இறங்குவது?

அம்ருத் போன்ற திட்டங்கள் கட்டுவதற்குப் பணம் தரும். ஓட்டுவதற்கான செலவை உள்ளாட்சிதான் கட்டணத்திலிருந்தோ வேறு வருவாயிலிருந்தோ பார்த்துக்கொள்ள வேண்டும். பம்பிங் ஸ்டேஷனுக்குக் கரன்ட் பில், ஆபரேட்டர் சம்பளம், அடைப்பு எடுக்கும் இயந்திரம், பழுதான மோட்டார் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

இந்தப் பணம் இல்லாதபோது, அடைத்த குழாயைச் சரிசெய்ய மலிவான வழி என்று சிலர் நினைப்பது மனிதரை இறக்குவது. 2013-ம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கு ரூ.10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை ரூ.30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்கிறது என்பதே மரணங்கள் நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. பட்ஜெட் புத்தகத்தில் 'இயக்கமும் பராமரிப்பும்' என்று ஒரு வரி இருக்கும். அதில் தொகை குறைந்தால் யாரோ ஒருவரின் உயிருக்கு ஆபத்து கூடுகிறது. இந்தத் தொடர்பை எந்தத் திட்ட அறிக்கையும் இப்படி நேராக எழுதாது.

குழாய் வராத தெருக்களுக்கு என்ன வழி?

பழைய நகராட்சிப் பகுதியில் பாதாளச் சாக்கடை ஏற்கெனவே உண்டு. ஆனால் புதிய எல்லைக்குள் எல்லாத் தெருவுக்கும் குழாய் போகப் பல வருடம் ஆகும். அதுவரை செப்டிக் டேங்க்தான். அதைக் காலி செய்யும் லாரி எங்கே கொட்டுகிறது என்பதுதான் கேள்வி. ஏரிக்கரையிலோ ஓடையிலோ கொட்டினால், கழிவறை கட்டியும் பிரயோஜனம் இல்லை. அந்தத் தண்ணீர் கடைசியில் ஊர்க் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும்தான் திரும்பி வரும்.

தமிழ்நாட்டில் இதற்கும் ஒரு மாற்று இருக்கிறது. மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழி பேரூராட்சியில் 2017-ல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள். லாரிகள் அங்கே வந்து கொட்டும், கசடு காய்ந்து பிரியும், நீர் தனியாகச் சுத்தமாகும். பாதாளச் சாக்கடையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. லாரிகளுக்கு உரிமம் வாங்குவதும் இப்போது கட்டாயம். கொட்டுவதற்குப் பக்கத்திலேயே இடம் இல்லாமல் உரிமம் மட்டும் கேட்டால், லாரிக்காரர் இருட்டில் கொட்டத்தான் போவார்.

சுத்தமான நீரை விற்க முடியுமா?

முடியும். சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் ஆகிய இரண்டு இடங்களிலும் தலா 45 எம்எல்டி கழிவுநீரை உயர்தரத்தில் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அதில் வருமானம் வருகிறது. குடிநீர் மிச்சமாகிறது. மறுபயன்பாட்டை அம்ருத் 2.0-வும் வலியுறுத்துகிறது.

திருவண்ணாமலை நகரத்தை ஒட்டிச் சென்னை மாதிரி பெரிய தொழிற்சாலைகள் இல்லை. மாவட்டத்தின் பெரிய தொழிற்பேட்டை செய்யாறு பக்கம், வெகு தூரத்தில். இங்கே வாங்கும் இடம் விவசாயமாகவும் கட்டுமானமாகவும்தான் இருக்க முடியும். சாத்தனூர் அணை நீரை நம்பிக் குடிக்கும் ஊரில், தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் சுத்திகரித்த நீர் கிடைத்தால் அதுவே பெரிய லாபம். ஆனால் அந்த நீரின் தரத்தை விவசாயி நம்ப வேண்டும். பரிசோதனை முடிவுகளை மாதா மாதம் வெளியிடாமல் அந்த நம்பிக்கை வராது.

அடுத்த முறை கோடிக் கணக்கில் அறிவிப்பு வந்தால் என்ன கேட்கலாம்?

திருவண்ணாமலையாக இருந்தாலும் உங்கள் ஊராக இருந்தாலும் இந்த ஆறு கேள்விகளை வார்டு கவுன்சிலரிடமோ பகுதி சபைக் கூட்டத்திலோ கேட்கலாம்.

- அறிவித்த தொகையில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கடனை யார் எத்தனை வருடத்தில் கட்டுவது?

- எத்தனை வீடுகளுக்கு இணைப்பு என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்? குழாய் எத்தனை கிலோமீட்டர் என்பது பாதிப் பதில்தான்.

- டெபாசிட் எவ்வளவு, தவணையில் கட்ட முடியுமா, ஏழைக் குடும்பங்களுக்குச் சலுகை உண்டா?

- பௌர்ணமி, தீபம், ஊர்த் திருவிழா போன்ற உச்ச நாட்களுக்குத் தனி ஏற்பாடு என்ன?

- ஓட்டுவதற்கான ஆண்டுச் செலவு எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து வரும்? அடைப்பு எடுக்க இயந்திரம் இருக்கிறதா?

- இப்போது இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் தினமும் எத்தனை எம்எல்டி வருகிறது?

கடைசிக் கேள்விக்கான பதில் ஒரே ஓர் எண்தான். நிலையத்தின் மொத்தத் திறன் எவ்வளவு என்பதையும் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டியது வேலை செய்கிறதா, இன்னும் கட்ட வேண்டுமா, அல்லது இருப்பதில் முதலில் வீடுகளை இணைக்க வேண்டுமா என்பது உடனே தெரிந்துவிடும்.